பங்கு பிரியாத சோறு

சுவேக்கா, வலென்சியா
24 மார்ச் 1957

அன்புள்ள ஃபெலிசா அக்காவுக்கு,

உன் தங்கை செலோ எழுதிக்கொள்வது. நீயும் ஒவீட் அத்தானும் என் செல்லம் எலோடியும் நோய்நொடி இல்லாமல் இருக்க மாதாவை வேண்டிக்கொண்டு இதைத் தொடங்குகிறேன்.

முதலில் செய்தி. நான் மறுபடியும் உண்டாகியிருக்கிறேன். சந்தோஷத்தில் கத்திவிடாதே, நானே இன்னும் கத்தவில்லை. முந்தைய இரண்டும் எந்த மாதத்தில் போயின என்று உனக்குத் தெரியும். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "இதுவும் போகணுமா? பேசாம படுத்துக் கிட. தண்ணிக் குடத்தைத் தொட்டேன்னு காதுல விழுந்துச்சு, நானே வந்து அடிப்பேன்" என்று சொல்லிவிட்டார். கட்டிலைச் சன்னல் ஓரமாக இழுத்துப் போட்டிருக்கிறோம். பகலெல்லாம் கொல்லையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் பாஸ்குவால் கொல்லையில் ஆரஞ்சு மர விறகு மூட்டி, தட்டைச் சட்டியில் பயேயாச் சோறு ஆக்கினார். முயல், கோழி, பச்சை பீன்ஸ், எல்லாம் வழக்கம்போல. அவருடைய கூட்டாளிகளும் இருந்தார்கள். எங்க அக்கா ஊரில் இதேபோல் ஒரு சோறு உண்டு, ஜம்பலாயா என்று பெயர், ஆழமான இரும்புப் பானையில் போட்டுக் கிளறுவார்களாம் என்று சன்னலிலிருந்து சொன்னேன். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே!

"சோத்தைக் கிளறுவாங்களா? அப்ப அது கஞ்சி," என்றார் பாஸ்குவால். "உங்க அக்காவைக் கப்பல்காரனுக்குத்தானே கட்டிக்கொடுத்தீங்க, பன்னிக்குத் தீனி காய்ச்சுறவனுக்கா?"

இதற்கு நீ பதில் எழுதியே ஆக வேண்டும். அதை எப்படிச் செய்கிறீர்கள், நம் பயேயாவுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம், எது ருசி, ஒன்று விடாமல் எழுது. படுத்துக்கிடப்பவளுக்கு வேறு என்ன பொழுதுபோக்கு? எலோடி இந்தச் சித்தியை எப்போதாவது கேட்கிறாளா?

உன்னைக் கட்டிக்கொள்ளும்
செலோ


கேமரன், லூசியானா
21 ஏப்ரல் 1957, உயிர்ப்பு ஞாயிறு

என் செலோவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துக் கத்தத்தான் செய்தேன். ஒவீட் படகிலிருந்து ஓடி வந்துவிட்டார். நாங்கள் மூவரும் சுகம். நீ எழுந்திருக்காதே. டாக்டர் அடிக்கும் முன் நான் கப்பல் ஏறி வந்து அடிப்பேன்.

இன்று பண்டிகை, அதனால் ஜம்பலாயா. பாஸ்குவாலுக்கு வாசித்துக் காட்டு. பன்றி இறைச்சியையும் புகை போட்ட தொத்திறைச்சியையும் முதலில் வெறும் பானையில் போட்டு, அடியில் கருஞ்சிவப்பாக ஒட்டிக்கொள்ளும்வரை வறுப்பார்கள். பிறகு வெங்காயம், குடைமிளகாய், செலரித் தண்டு. கொஞ்சம் தண்ணீர் விட்டு, அடியில் பிடித்ததையெல்லாம் சுரண்டிக் கரைப்பார்கள். நிறம் அதிலிருந்துதான். குங்குமப்பூ கிடையாது. தக்காளி போட்டால் ஒவீட் வீட்டை விட்டே போய்விடுவார். அதன் பிறகு நீள அரிசியைப் போட்டு, கிளறி, மூடி, அப்படியே விட்டுவிட வேண்டும்.

நாம் காந்தலைக் கடைசியில் பிடிக்க விட்டு, அதற்காகச் சண்டை போட்டுத் தின்கிறோம். இவர்கள் அதை முதலிலேயே பிடிக்க விட்டு, சோறு முழுவதிலும் கலந்துவிடுகிறார்கள். இதை நான் கண்டுபிடிக்க ஏழு வருஷம் ஆயிற்று. மற்றபடி இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரிதான், முகஜாடை தெரிகிறது.

ஒவீட் சொல்வதையும் கேள். "உன் தங்கச்சி புருஷன்கிட்டச் சொல்லு. ஸ்பெயின்காரன் இங்க வந்து குங்குமப்பூ கிடைக்காம உக்காந்து அழுதான். எங்க பாட்டன் பாவம் பார்த்து, சோறு எப்படி ஆக்கணும்னு சொல்லிக் கொடுத்தான். அப்பப் பொறந்ததுதான் ஜம்பலாயா. தட்டைச் சட்டியச் சுத்தி நின்னுக்கிட்டு, கரண்டியும் போடாம, பூசை பாக்குற மாதிரி பாத்துக்கிட்டே இருப்பீங்களே, அதுக்குப் பேரு சமையலா?"

எலோடிக்கு அடுத்த மாதம் ஐந்து முடிகிறது. வாயில் மூன்று பாஷை, எதிலும் நிற்பதில்லை. என்னிடம் ஸ்பானிஷ், அப்பனிடம் பிரெஞ்சு, கோழிகளிடம் இங்கிலீஷ். பானை மூடியைத் திறக்கப் போனாள். "தொறந்தா ஆவி போயிடும்டி" என்று அப்பா அதட்டினார். "ஆவி எங்க போகும்?" என்று கேட்டாள். உன் படம் சுவரில் இருக்கிறது. "படுத்திருக்கிற சித்தி" என்று புதுப் பெயர் வைத்துவிட்டாள்.

உன் வயிற்றில் இருப்பதற்கும் சேர்த்து முத்தம்.
அக்கா


சுவேக்கா
26 மே 1957

அக்கா,

நலமா? நான் நலம், நம்ப முடியாத அளவுக்கு நலம். முந்தைய இரண்டும் போன காலத்தைத் தாண்டிவிட்டேன். டாக்டர் சிரித்தார். அந்த மனிதருக்குப் பல் இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது.

பாஸ்குவால் ஜம்பலாயா செய்தார்! உன் கடிதத்தை என் கையில் கொடுத்து, சன்னலிலிருந்து உரக்க வாசிக்கச் சொல்லி, கொல்லையில் நின்று செய்தார். இறைச்சி அடிப்பிடித்ததும், "கருகுதுடி! உங்க அக்கா எழுதினதைச் சரியாப் படி!" என்று அலறல். பிறகு மூடியைப் போட்டார். அதற்குமேல் அவரால் தாங்க முடியவில்லை. சோறு என்ன ஆகிறது என்று கண்ணால் பார்க்காமல் சமைப்பது எப்படி? திறந்தார், மூடினார், திறந்தார். பக்கத்து வீட்டு ப்ளாய் சுவர் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, "என்னடா, உள்ள எலியைப் புடிச்சு வச்சிருக்கியா?" என்றான்.

கடைசியில் அந்த ப்ளாய் இரண்டு தட்டு தின்றான். வாயைத் துடைத்துக்கொண்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் சொன்னேன்னு தெருவுல யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்று சுவர் ஏறிப் போய்விட்டான். பாஸ்குவால் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. "பசிக்குச் சாப்பிடலாம்" என்கிறார். அத்தானிடம் சொல்.

கை சும்மா இருக்கவில்லை. எலோடியின் பிறந்தநாளுக்கு மஞ்சள் பருத்தியில் ஒரு சட்டை தைத்தேன். கழுத்தைச் சுற்றி ஆரஞ்சுப் பூ வேலை. உயரத்தை மனக்கணக்காகப் போட்டு ஒரு விரல் கூடுதலாகவே விட்டிருக்கிறேன். கப்பல் தபாலில் போட்டாயிற்று. மெதுவாக வரும், அதற்குள் இன்னும் வளர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்!

உன் செலோ


லேக் சார்ல்ஸ், லூசியானா
9 ஜூலை 1957

சகலை பாஸ்குவாலுக்கு,

ஒவீட் சவ்வா. உங்கள் வீட்டுக்கு அனுப்பாமல், நீங்கள் நெல் போடும் ஆலையின் விலாசத்துக்கு இதை அனுப்புகிறேன். எனக்கு எழுத வராது. ஸ்பானிஷ் தெரிந்த ஒரு பாதிரியார் நான் சொல்லச் சொல்ல எழுதுகிறார்.

சென்ற மாதக் கடைசியில் எங்கள் ஊருக்குப் புயல் வந்தது. காலையில் கிளம்பிவிடலாம் என்று இருந்தோம். விடியும்போது கடல் வீட்டுக்குள் இருந்தது. கூரைமேல் ஏறினோம். வீடு பிளந்தது. கூரையில் ஒரு துண்டு எங்களோடு மிதந்தது. நான் ஃபெலிசாவைப் பிடித்திருந்தேன், ஃபெலிசா எலோடியைப் பிடித்திருந்தாள். ஒரு பெரிய அலை எங்களைப் புரட்டியது. மேலே வந்தபோது நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம்.

எலோடி கிடைக்கவில்லை. நான் தினமும் சதுப்பில் படகோட்டிப் போய்த் தேடுகிறேன். பெயர் தெரியாத குழந்தைகளை இங்கே வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அவள் அங்கே இல்லை.

ஃபெலிசா பேசுவதில்லை. பேசிய ஒரே பேச்சு இதுதான்: செலோவுக்குத் தெரியக் கூடாது. "அவளுக்கு ரெண்டு போயிடுச்சு. மூணாவதும் என்னால போச்சுன்னு இருக்கக் கூடாது." அதனால்தான் எழுதுகிறேன். பிள்ளை பிறக்கும்வரை உங்கள் வாயைக் கட்டிக்கொள்ளுங்கள். அப்புறம் நீங்களே சொல்லுங்கள்.

உங்கள் சோற்றைப் பற்றி நான் பேசியதெல்லாம் விளையாட்டுக்கு.

ஒவீட்


லேக் சார்ல்ஸ்
22 ஜூலை 1957

அன்புள்ள செலோவுக்கு,

உன் உடம்பு எப்படி? கால் வீங்குகிறதா? உப்பைக் குறை. நான் சுகம். ஒவீட் சுகம்.

விலாசம் மாறியிருப்பதைப் பார்த்துப் பயப்படாதே. புயல் அடித்து வீடு போய்விட்டது. ஒவீட்டின் ஒன்றுவிட்ட அண்ணன் வீட்டில் பின்னறை கொடுத்திருக்கிறார்கள். வீடு பலகைதானே, கட்டிக்கொள்ளலாம்.

முதல் சில நாள் ஒரு பள்ளிக்கூடத்தில் எல்லாரையும் தங்க வைத்திருந்தார்கள். வாசலில் பன்றிக் கொழுப்பு உருக்கும் பெரிய இரும்புக் கொப்பரைகளை வைத்து ஊர் முழுவதற்கும் ஜம்பலாயா. ஒருத்தி வந்து என் கையில் படகுத் துடுப்பு ஒன்றைக் கொடுத்து, "கிளறு" என்றாள். துடுப்பால்தான் கிளற வேண்டும், கரண்டி எட்டாது. கிளறினேன். அந்த அளவுக்குச் சமைத்தால் வெங்காயத்தை யாரும் நறுக்கி முடிக்க மாட்டார்கள், பாதியாக உடைத்துப் போடுவார்கள். அரிசி மூட்டையோடு கவிழ்ப்பார்கள். தண்ணீர் கணக்கு கையால் இல்லை, கண்ணால்தான். முதல் கொதி வரும்போது அடியிலிருந்து மேலே ஒரே ஒரு முறை புரட்டி விட்டு, அப்புறம் தொடக் கூடாது. தொட்டால் சோறு உடையும். பயேயாவில் அப்படி ஊருக்கே சமைக்க முடியாது. அவ்வளவு அகலமான சட்டிக்கு நெருப்பு எங்கும் ஒரே மாதிரி எரியாது. ஓரம் வேகாது, நடு கருகும். கூட்டத்துக்கு ஜம்பலாயாதான் சரி. யார் வந்தாலும் ஒரு கரண்டி.

விறகு ஈரமாக இருந்தது. புகைதான் அதிகம்.

சன்னல் ஓரத்திலேயே இரு. எழுந்திருக்காதே.

அக்கா


சுவேக்கா
11 ஆகஸ்ட் 1957

அக்கா,

மூவரும் நலமா என்று வழக்கம்போலக் கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். வெங்காயம் இருக்கிறது, விறகு இருக்கிறது, துடுப்பு இருக்கிறது. எலோடி இல்லையே. ஒரு இடத்தில்கூட அவள் பெயர் இல்லை. அவளுக்குக் காய்ச்சலா? புயலில் பயந்துவிட்டாளா? வீடு போனதைக்கூட எழுதினாய், பிள்ளையைப் பற்றி ஒரு வரி எழுத மறந்துவிட்டாயா?

பாஸ்குவாலிடம் கேட்டேன். "கைவேலைல மறந்திருப்பாங்க. உனக்கு எதுலயும் சந்தேகம்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். அவரும் இப்போதெல்லாம் ஒரு மாதிரி இருக்கிறார். சாப்பிடுவதில்லை. வயல் வேலை அதிகம் என்கிறார். ஆகஸ்டில் நெல் வயலில் அப்படி என்ன வேலை, எனக்குத் தெரியாதா?

ஒரு காகிதத்தில் அவள் கையை விரித்து வைத்து, பென்சிலால் சுற்றிக் கோடு போட்டு அனுப்பு. எவ்வளவு பெரிய கை என்று பார்க்க வேண்டும். இன்னொன்று, அவளையே கேட்டு எழுது: அவளுக்கு எது பிடிக்கும், பயேயாவா, ஜம்பலாயாவா? நடுவர் அவள்தான். அவள் சொல்வதுதான் தீர்ப்பு.

என் பிள்ளை இப்போது உதைக்கிறது. கோழியின் கால் மாதிரி சின்ன உதை. இதை அவளிடம் சொல்.

செலோ


சுவேக்கா, அரிசி ஆலை
14 ஆகஸ்ட் 1957

மதிப்புக்குரிய ஃபெலிசா அக்காவுக்கு,

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க எனக்கு முகம் இல்லை. சகலையின் கடிதம் கிடைத்த நாளிலிருந்து அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். வீட்டில் எங்கே வைத்தாலும் அவள் கண்ணில் படும் என்று பயம்.

உங்களைக் கஷ்டப்படுத்த எழுதவில்லை. செலோ விடாமல் கேட்கிறாள். கேட்கும்போதெல்லாம் நான் வயலுக்குப் போய் வரப்பில் உட்கார்ந்திருக்கிறேன். நேற்று இரவு முழுவதும் அவள் தூங்கவில்லை. இது சொல்லாமலே தெரிந்துவிடும்போல் இருக்கிறது. அக்கா, ஒரே ஒரு வரி எழுதுங்கள், குழந்தை சுகம் என்று. என் வாயால் அதைச் சொன்னால் அவள் நம்ப மாட்டாள், என் முகம் காட்டிக்கொடுத்துவிடும். உங்கள் கையெழுத்தில் இருந்தால் நம்புவாள்.

இப்படி ஒன்றை உங்களிடம் கேட்கிறேனே என்று நினைக்கும்போது எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

பாஸ்குவால்


லேக் சார்ல்ஸ்
8 செப்டம்பர் 1957

அன்புள்ள செலோவுக்கு,

உன் உடம்பும் உள்ளே உதைப்பதும் சுகம்தானே? நாங்கள் சுகம். எலோடி சுகம்.

போன தடவை எழுதாமல் விட்டது என் தப்பு. மஞ்சள் சட்டை சுற்றிவளைத்து இந்த விலாசத்துக்கு வந்து சேர்ந்தது. அளவு சரியாக இருக்கிறது. ஒரு விரல் கூடுதலாக விட்டாய் பார், அதுதான் புத்திசாலித்தனம். கழுத்துப் பூ வேலையை எல்லாரும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள்.

கையை வரைந்து அனுப்பச் சொன்னாய். அவள் எங்கே ஒரு இடத்தில் கையை வைக்கிறாள்?

தீர்ப்பு கேட்டாயே. பயேயாவில் அவளுக்குக் காந்தல் பிடிக்கும். கரண்டியால் எடுக்க மாட்டாள், நகத்தால் பெயர்த்து எடுப்பாள், நகத்தடியில் மஞ்சளாக ஒட்டியிருக்கும், அதையும் உறிஞ்சுவாள். பீன்ஸைப் பொறுக்கி என் பக்கம் தள்ளிவிடுவாள். ஜம்பலாயாவில் தொத்திறைச்சி வட்டங்களை மட்டும் எடுத்துத் தட்டு ஓரத்தில் அடுக்கி, கடைசியில் சாப்பிடுவாள். காரம் என்றால் நாக்கை நீட்டி இரண்டு கையாலும் விசிறிக்கொள்வாள். ஆனாலும் இன்னும் கேட்பாள். ஒருநாள் அப்பா, "ரெண்டுல எதுடி உனக்கு?" என்று கேட்டதற்கு, "காலையில அம்மாவோடது, ராத்திரி உன்னோடது" என்றாள். நடுவர் அப்படித்தான் தீர்ப்புச் சொல்லியிருக்கிறாள்.

நான் இங்கே எண்ணெய் ஆலைத் தொழிலாளர்கள் சாப்பிடும் ஒரு கடையில் சமைக்கப் போகிறேன். ஜம்பலாயாதான். ஆட்கள் கேட்கிறார்கள், போடுகிறேன். வேலை நல்லது.

கவலைப்படாமல் இரு. கவலைப்பட எதுவும் இல்லை.

அக்கா


சுவேக்கா
27 அக்டோபர் 1957

ஒவீட்டுக்கும் ஃபெலிசா அக்காவுக்கும்,

பாஸ்குவால் எழுதுகிறேன். முதலில் நல்ல செய்தி: செலோ பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. பெண். இருபத்திரண்டாம் தேதி பிறந்தாள். உரக்க அழுகிறாள்.

மற்றதையும் சொல்லியாக வேண்டும். பதினாலாம் தேதி வலென்சியா நகரத்துக்குள் ஆறு புகுந்துவிட்டது. பேப்பரில் நீங்களும் படித்திருக்கலாம். எங்கள் ஊர் ஏரியில் படகு வைத்திருப்பவர்கள் வாருங்கள் என்று கூப்பிட்டார்கள். ப்ளாயும் நானும் தட்டைப் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு போனோம். தெருவில் துடுப்புப் போட்டுப் போனோம். கீழ்வீட்டுக் கதவு ஒன்றை உடைத்து உள்ளே போனபோது, ஒரு சின்னப் பெண் கட்டிலுக்கும் மேற்கூரைக்கும் நடுவில் சேற்றோடு கிடந்தாள், உயிர் இல்லை. நான்தான் எடுத்தேன். படகில் கிடத்தினேன். அவள் அம்மா தெருமுனையில் நின்றுகொண்டிருந்தாள். அவள் கையில் நான்தான் கொடுக்க வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து வாசலிலேயே உட்கார்ந்தேன். கால் சேற்றைக்கூடக் கழுவவில்லை. செலோ கட்டிலிலிருந்து இறங்கி வந்தாள். "என்னங்க பாத்தீங்க? சொல்லுங்க, யாரு?" என்றாள். "எலோடி" என்றேன். என் வாயிலிருந்து அந்தப் பெயர்தான் வந்தது. வேறு எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் அலறவில்லை. "எப்ப?" என்று மட்டும் கேட்டாள். ஜூன் என்றேன்.

அதற்குப் பிறகு வலி வரும்வரை அவள் என்னோடு பேசவில்லை. வலியில் என் கையைப் பிடிக்கவும் இல்லை, மருத்துவச்சியின் கையைத்தான் பிடித்தாள்.

நீங்கள் என்னை நம்பிக் கொடுத்ததைக் கடைசிவரை என்னால் சுமக்க முடியவில்லை.

பாஸ்குவால்


சுவேக்கா
10 நவம்பர் 1957

அக்கா,

உன் சுகத்தைக் கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்க மாட்டேன். நீ சுகமாக இல்லை. மார்ச்சிலிருந்து நாம் எழுதிக்கொண்ட வார்த்தைகளில் எனக்குப் பிடிக்காத வார்த்தை இப்போது அதுதான்.

உன்மேல் கோபமாக இருக்கிறேன். அழுதுகொண்டே கோபமாக இருக்கிறேன். நீங்கள் மூன்று பேரும் சேர்ந்து என்னை முட்டையைப்போல் உள்ளங்கையில் வைத்திருந்தீர்கள். நான் உடைந்திருக்க மாட்டேன் என்று சொல்லவில்லை, உடைந்திருப்பேனோ என்னவோ. ஆனால் இங்கே நான் சன்னல் ஓரத்தில் கிடந்து ப்ளாயைப் பார்த்துச் சிரித்த நாட்களில், நீ அங்கே தனியாக அந்தத் துடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாய். உன் பக்கத்தில் நின்று அழ எனக்கு உரிமை இல்லையா? அவள் கையை வரைந்து அனுப்பு என்று கேட்டேனே, அக்கா. நான் எழுதிய அந்த வரி உன் கண்ணில் பட்டிருக்குமே. அதை நினைத்தால் என்னால் பால் கொடுக்கக்கூட முடியவில்லை.

அளவு சரியாக இருக்கிறது என்று எப்படி எழுதினாய்?

பாஸ்குவாலோடு இப்போது பேசுகிறேன். அந்த நகரத்துப் பெண்ணைப் பற்றித் தூக்கத்தில் உளறுகிறார். எழுப்பி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுக்கிறேன். ஊரிலிருந்து அரிசி மூட்டைகளை வண்டி வண்டியாக நகரத்துக்கு அனுப்பினார்கள். இவரும் போய்க் கொப்பரையில் சமைத்தார். நீ எழுதிய மாதிரிதான் செய்தாராம். பயேயா செய்ய யாருக்கும் தோன்றவில்லை என்றார்.

இன்னொரு விஷயம். குழந்தைக்கு இன்னும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. பாதிரியார் இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டார். "பேரில்லாத பிள்ளையை இவ்வளவு நாள் வச்சிருக்கிறது நல்லதில்லம்மா" என்று தெருவே சொல்கிறது. உன் பதில் வரும்வரை கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இவளுக்கு எலோடி என்று பெயர் வைக்க வேண்டும். பாஸ்குவாலும் அதையே சொல்கிறார். நீ சரி என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

உன் செலோ


லேக் சார்ல்ஸ்
3 டிசம்பர் 1957

என் செலோவுக்கு,

உனக்குப் பால் ஊறுகிறதா? குழந்தை எடை ஏறுகிறாளா? கடல் காற்றில் அவளை வெளியே எடுக்காதே. என்னைப் பற்றி நீ கேட்கவில்லை. கேட்காததற்கு நன்றி.

உன் கோபம் வந்தது. அதற்காகத்தான் காத்திருந்தேனோ என்னவோ. இங்கே எல்லாரும் என்னிடம் மெதுவாகப் பேசுகிறார்கள். நீ ஒருத்திதான் கத்தியிருக்கிறாய்.

சட்டையைக் கேட்டாய். பொட்டலம் வந்தபோது நான் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். பிரித்தேன். தரையிலிருந்து என் இடுப்புவரை கையால் அளந்து பார்த்தேன், அவள் தலை அங்கேதான் இடிக்கும். சட்டையை அந்த உயரத்தில் பிடித்துப் பார்த்தேன். சரியாக இருந்தது, செலோ. நான் பொய் எழுதவில்லை. அளவு சரியாகத்தான் இருந்தது.

அவளைப் பற்றி நான் எழுதியதிலும் பொய் இல்லை. நகத்தடியில் மஞ்சள், நாக்கை விசிறுவது, எல்லாம் உண்மை. காலம் மட்டும்தான் மாற்றி எழுதினேன். எழுதிய அந்த ஒரு இரவு முழுவதும் அவள் என்னோடு இருந்தாள். உனக்காக எழுதினேன் என்று இவர்கள் நினைக்கிறார்கள். அந்தக் கடிதத்தை முடிக்க எனக்கு மனமே வரவில்லை.

அந்தக் காலையை ஒவீட் எழுதிவிட்டார், அவர் எழுதியதற்கு மேல் என்னால் எழுத முடியாது. அவள் அழவில்லை என்பதை மட்டும் தெரிந்துகொள். கூரைத்துண்டில் எங்களோடு ஒரு கோழியும் ஏறியிருந்தது. அதனோடு இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தாள். என் கை அவளுடைய சட்டைத் துணியைப் பிடித்திருந்தது. துணி என் கையில் இருந்தது. அவ்வளவுதான்.

சென்ற மாதம் ஒவீட் கப்பல் பட்டறையில் சொல்லி, நம்மூர்த் தட்டைச் சட்டி ஒன்று செய்து வாங்கிக்கொண்டு வந்தார். எப்படியாவது என்னைப் பேச வைக்க வேண்டும் என்று நினைத்தார், பாவம். "உன் சோத்தை ஆக்கு. நான் ஒரு வார்த்தை கேலி பண்ண மாட்டேன்" என்றார். செய்தேன். மேசை நடுவில் வைத்தேன், நம் வழக்கப்படி அவரவர் பக்கத்திலிருந்து நடுவை நோக்கிச் சாப்பிட்டோம். என் பக்கம் தீர்ந்தது. அவர் பக்கம் தீர்ந்தது. மூன்றாவது பங்கு அப்படியே நின்றது, கத்தியால் வெட்டி வைத்ததுபோல் ஓரம் நேராக. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அப்புறம் ஒவீட் பெரிய கரண்டியை எடுத்து, அந்தச் சோற்றைச் சட்டி முழுவதும் கிளறிவிட்டார். காந்தல் எல்லாம் பெயர்ந்து போயிற்று. கிளறாதீர்கள் என்று நான் சொல்லவில்லை.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று மார்ச்சில் கேட்டாயே, அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பயேயாவில் அவரவர் பங்கு கண்ணுக்குத் தெரியும். யார் வரவில்லை என்று சட்டியே காட்டிவிடும். ஜம்பலாயாவில் பங்கு கிடையாது. பானையிலிருந்து எடுக்க எடுக்க மட்டம் இறங்கும், அவ்வளவுதான். அதனால் இப்போது அதை மட்டும்தான் சமைக்கிறேன். எது ருசி என்று என்னைக் கேட்காதே. எனக்கு உப்புகூடத் தெரிவதில்லை, பக்கத்தில் நிற்பவளை ருசி பார்க்கச் சொல்லித்தான் இறக்குகிறேன்.

பாஸ்குவாலை ஏதும் சொல்லாதே. அந்தத் தாயின் கையில் பிள்ளையைக் கொடுத்தான் அல்லவா? அவளுக்கு அதுவாவது கிடைத்தது. அவளைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன் என்று சொன்னால் உனக்குப் புரியும், வேறு யாரிடமும் இதைச் சொல்லாதே.

இனி நீ கேட்டது. வேண்டாம், செலோ. அந்தப் பெயரை வைக்காதே.

கோபத்தில் சொல்லவில்லை. உன் அன்பு எனக்குத் தெரிகிறது. இங்கே பாதிரியார் என் பிள்ளைக்காக இறந்தோர் பூசை ஒன்று வைக்கலாம் என்கிறார், அதற்கும் நான் சம்மதிக்கவில்லை. உன் மகளுக்கு அவளுக்கென்று ஒரு பெயர் கொடு. யாரும் அழுதுகொண்டே உச்சரிக்காத பெயராக இருக்கட்டும். நாளைக்கே ஞானஸ்நானம் கொடுத்துவிடு, எனக்காகக் காத்திருந்தது போதும்.

ஒவீட் இன்னும் ஞாயிறுதோறும் சதுப்புக்குப் படகை எடுத்துக்கொண்டு போகிறார். இப்போது நானும் போகிறேன். நாணல் உயரமாக வளர்ந்துவிட்டது, உள்ளே பார்க்க முடிவதில்லை. அதனால் கூப்பிடுகிறோம். அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அந்தப் பெயரைக் கூப்பிட்டால் வேறு யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது.

குழந்தையின் நெற்றியில் என் முத்தத்தை வை.

அக்கா ஃபெலிசா